கூரை வெட்டிய ரயில்கார்: ரங்கூனுக்கு வந்த ஜப்பானிய டீசல் வண்டிகள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

ஒசாகாவிலிருந்து ஹிமேஜி வழியாக ஜப்பான் கடலோர ஊர்களுக்கு ‘ஹமகாசே’ என்றொரு விரைவு வண்டி ஓடுகிறது. 2010 நவம்பர் வரை அந்தப் பெயரில் ஓடியவை கிஹா 181 வகை டீசல் ரயில்கார்கள். புது வண்டி வந்ததும் இவை ஓரங்கட்டப்பட்டன. அவற்றில் 15 பெட்டிகள் 2012இல் பர்மாவுக்குக் கப்பலேறின. அதே வகையின் முதல் பெட்டி, 181-1 என்ற எண்ணுள்ளது, நகோயாவில் 2011 மார்ச்சில் திறந்த ரயில் அருங்காட்சியகத்துக்குள் பெயின்ட் பளபளக்க நிற்கிறது. 181-12 ஒகாயாமா மாகாணத்தின் சுயாமா ஊரில், 1936இல் கட்டிய விசிறி வடிவ எஞ்சின் கொட்டகையில் நிற்கிறது. அந்த இரண்டுக்கும் மழை படாது, டிக்கெட் வாங்கிக்கொண்டு பிள்ளைகள் வந்து பார்ப்பார்கள். நம் ஊருக்கு வந்தவை வேலைக்கு வந்தவை.

இந்த ஆய்வின் கேள்வி சின்னதுதான். பர்மாவில் இந்த ஜப்பானிய ரயில்கார்களில் ஒன்றையாவது அடுத்த தலைமுறைக்கு வைக்க வேண்டுமென்றால் எதை வைப்பது, எந்தக் கோலத்தில் வைப்பது? ரசிகர்கள் பலரும், குறிப்பாகக் கேமராவோடு டோக்கியோவிலிருந்து வருகிறவர்கள், பழைய ஜப்பான் தேசிய ரயில்வேயின் கிரீம், சிவப்பு நிறத்துக்கே திருப்பிவிட வேண்டும் என்பார்கள். அவர்கள் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் என் கட்சி வேறு. இங்குள்ள பட்டறை போட்ட வெட்டு, ஒட்டு, வெல்டிங் தழும்பு அத்தனையும் அப்படியே இருக்கும் பெட்டிதான் இங்கே வைக்க வேண்டிய பெட்டி. ஏன் என்று சொல்ல, வண்டியின் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

பதினேழு லிட்டர் எஞ்சின்

ரயில்கார் என்றால் தனி எஞ்சின் வண்டி இழுக்காமல், பெட்டியின் தரைக்கு அடியிலேயே டீசல் எஞ்சின் தொங்கிக்கொண்டு தானாக ஓடும் வண்டி. கடைசி நிலையத்தில் எஞ்சினைக் கழற்றி முன்னால் கொண்டுவந்து மாட்டும் வேலை இல்லை. டிரைவர் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு நடந்து போனால் போதும். மின்கம்பி போட முடியாத மலைப் பாதைகளுக்கும் கிளைப் பாதைகளுக்கும் ஜப்பான் 1950களிலிருந்து இதை ஆயிரக்கணக்கில் கட்டியது.

அந்தக் காலத்தின் உழைப்பாளி எஞ்சின் டிஎம்எச்17. எட்டு சிலிண்டர், பதினேழு லிட்டர், படுக்கை வாட்டத்தில் வந்த டிஎம்எச்17எச் வடிவத்தில் 180 குதிரைத்திறன். பதினேழு லிட்டரிலிருந்து 180 என்பது அன்றைக்கே சோம்பல் கணக்குதான். அதன் வேர் போருக்கு முந்திய வடிவமைப்பில் இருக்கிறது. இன்றைக்கு நெடுஞ்சாலையில் ஓடும் லாரி எஞ்சின் பதினோரு லிட்டரிலேயே அதைப்போல் இரண்டு மடங்கு தரும். ஆனால் அந்தச் சோம்பலில்தான் அதன் ஆயுள் இருந்தது. எந்தப் பாகமும் உச்ச வலிமைக்கு ஓடாது, கையால் கழற்றி மாட்டலாம், நாடெங்கும் ஒரே எஞ்சின் என்பதால் எந்த ஷெட்டிலும் ஸ்பேர் கிடைக்கும். 1961இல் வந்த கிஹா 58 வகையில் மலையேற்றத்துக்காக ஒரு பெட்டிக்கு இதையே இரண்டாகப் போட்டார்கள். கிஹா 56, 57, 58 குடும்பத்தில் மொத்தம் 1,800க்கு மேல் கட்டினார்கள். ரயில்காரில் இவ்வளவு பெரிய குடும்பம் அபூர்வம்.

கிஹா 181 அந்தச் சோம்பலுக்கு எதிர்வினை. 1968இல் நகோயா பக்கத்து மலைப் பாதையில் ‘ஷினானோ’ விரைவு வண்டியாக வந்தது. பன்னிரண்டு சிலிண்டர், முப்பது லிட்டர், டர்போ வைத்து 500 குதிரைத்திறன், மணிக்கு 120 கிலோமீட்டர். 1972 வரை 158 பெட்டிகள், அவற்றில் சாப்பாட்டுப் பெட்டிகளும் உண்டு. காகிதத்தில் அருமையான வண்டி. சிக்கல் குளிர்விப்பதில் வந்தது. நடுப்பெட்டிகளின் கூரை மேல் ரேடியேட்டரைப் பரப்பி வைத்து, ஓடும்போது அடிக்கிற காற்றே ஆற்றிவிடும் என்று நம்பினார்கள். சரி, சமதளத்தில் 120இல் ஓடினால் ஆற்றும். செங்குத்தான ஏற்றத்தில் முழு விசையில் மெதுவாக ஊர்ந்தால்? காற்று இல்லை, சூடு மட்டும் இருக்கிறது. மலைப் பாதைகளில் எஞ்சின் கொதிப்பது இந்த வகையின் தீராத வியாதியானது. பின்னால் மின்கம்பி வந்த பாதைகளிலிருந்து ஒவ்வொன்றாக விலகி, மேற்கு ஜப்பானிலும் ஷிகோகு தீவிலும் போய் ஒதுங்கியது.

வேகக் காற்றை நம்பிப் பிறந்த வண்டியை உலகத்தின் மிக மெதுவான நகர ரயில் ஓடும் ஊர்களில் ஒன்றுக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

எப்படி வந்தன

பர்மாவில் முதல் ரயில் 1877 மே 1ஆம் தேதி, ரங்கூன் முதல் பியே வரை, மீட்டர் கேஜில் ஓடியது. பாதை போட்ட கைகளிலும் ஷெட்டில் சம்மட்டி பிடித்த கைகளிலும் இந்தியக் கைகள் ஏராளம். 1931 குடிக்கணக்குப்படி ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள். போரின்போது ஒரு கூட்டம் நடந்தே போனது, 1960களில் தேசியமயமாக்கலுக்குப் பிறகு இன்னொரு கூட்டம் கப்பலேறியது. மிஞ்சியவர்களில் ரயில்வே குடும்பங்கள் இன்றும் உண்டு. ரங்கூன் புறநகர் இன்சேன் பக்கத்தில் ‘ஒர்க்‌ஷாப் வீடு’ என்று சொன்னால் எங்கள் ஆட்களுக்கு எந்த வீடு என்று புரியும்.

ஜப்பானிய பழைய ரயில்கார்கள் 2000களின் தொடக்கத்திலிருந்து வரத் தொடங்கின. பெரிய கம்பெனிகளின் வண்டிகளும் வந்தன, பயணி இல்லாமல் மூடிய சிறு மாவட்ட ரயில்களின் குட்டிப் பெட்டிகளும் வந்தன. ஹொக்கைடோவில் இகேடா முதல் கிடாமி வரை 140 கிலோமீட்டர் ஓடிய ஒரு மலைப் பாதை 2006 ஏப்ரலில் மூடியது. பனிக்காகக் கட்டிய அதன் பெட்டிகள் நம் ஊர்ச் சித்திரை வெயிலில் வந்து நின்றன. கிஹா 52, 58 வந்தன. கிஹா 40 குடும்பம், கிஹா 11, 38 வந்தன. இவற்றில் என் கண்ணைக் கவர்வது கிஹா 141. அது பிறப்பால் ரயில்காரே கிடையாது, எஞ்சின் வண்டி இழுக்கும் சாதாரணப் பெட்டி. 1990இல் ஹொக்கைடோ ரயில்வே அதற்கு அடியில் எஞ்சின் மாட்டி ரயில்கார் ஆக்கியது. சப்போரோ புறநகர்ப் பாதையில் 2012இல் மின்கம்பி வந்ததும் வேலை போய், இங்கே வந்தது. எஞ்சின் ஓய்ந்த ஜப்பானிய ரயில்கார்களை இங்கே எஞ்சின் வண்டி கட்டி இழுப்பதும் நடக்கிற காரியம்தான். அப்படி இழுபட்டால் கிஹா 141 பிறந்த வேலைக்கே திரும்பிவிடும்.

ஏன் இவ்வளவு வாங்கினார்கள் என்று கேட்க வேண்டியதில்லை. புது வண்டி விலையோடு வைத்துப் பார்த்தால் கப்பல் கூலியும் மாற்றும் செலவும் ஒன்றுமே இல்லை. இருக்கை இருக்கிறது, மின்விசிறியோ ஏசியோ இருக்கிறது, பாடி உறுதி. ஜப்பான் கேஜும் நம் கேஜும் கிட்டத்தட்ட ஒன்று. அந்தக் ‘கிட்டத்தட்ட’வில்தான் பட்டறையின் வேலை முழுவதும் அடங்கியிருக்கிறது.

பட்டறையில் நடந்தது

ஜப்பான் தண்டவாள அகலம் 1,067 மில்லிமீட்டர். இங்கே 1,000. வித்தியாசம் 67, ஒரு சக்கரத்துக்கு முப்பத்துமூன்றரை மில்லிமீட்டர் உள்ளே தள்ள வேண்டும். ரயில் சக்கரம் அச்சில் திருகியிருப்பதில்லை, பெரும் அழுத்தத்தில் ஏற்றி இறுக்கியிருக்கும். பிரஸ்ஸில் வைத்து அமுக்கினால் நகரும். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்ந்த என் மாமா ஒருவரிடம் இதைக் கேட்டபோது சிரித்தார்.

“கேஜ் மாத்துறது வேலையே இல்ல மாப்ளே. சக்கரத்த உள்ள தள்ளிடலாம். பிரேக் கட்ட பழைய எடத்துலயே நிக்கும் பாரு, அத நகத்தி சக்கரத்து மேல நேரா உக்கார வெக்கணும். அதுலதான் உசுரு போவும். கோணையா உக்காந்துச்சுன்னா ஒரு பக்கமே தேயும், ஒரு மழைக்காலம் தாங்காது.”

பிரேக் கட்டை, அதைத் தாங்கும் கொக்கி, இழுக்கும் கம்பி எல்லாமே சக்கரத்தோடு சேர்ந்து நகர வேண்டும். எந்தப் பெட்டியையும் அடியில் குனிந்து பார்த்தால் இது தெரியும். ஜப்பான் வார்ப்பு இரும்பின் வழவழப்பான விளிம்புக்குப் பக்கத்தில், கேஸ் கட்டரால் வெட்டிய தகட்டை ஒட்டிப் போட்ட வெல்டிங் மணி மணியாக நிற்கும். அழகு பார்த்துப் போட்டதில்லை. ஆனால் வருடக்கணக்கில் பிடித்திருக்கிறது.

அப்புறம் உயரம். இங்குள்ள பாலங்கள், நிலையக் கூரைகள், மேம்பாலங்கள் எல்லாம் குட்டையான மீட்டர் கேஜ் வண்டிகளை நினைத்துக் கட்டியவை. ஜப்பான் பெட்டி உயரம். சிலவற்றில் கூரை மேலிருந்த காற்றுக் குழல்களை எடுத்தால் போதுமானதாக இருந்தது. கிஹா 52, 58 போன்ற பழையவற்றில் கூரையையே வெட்டித் தாழ்த்தினார்கள். வளைந்து எழும்பியிருந்த கூரை தட்டையாகி, வண்டி முகமே மாறிவிடும். நெற்றி குறுகி, கண்ணாடிக்கு மேல் தொப்பியை இழுத்துவிட்டது போல இருக்கும். ஜப்பானிலிருந்து வந்த ரசிகர்கள் இதைப் பார்த்து முகம் சுளிப்பதைக் கண்டிருக்கிறேன். என்னைக் கேட்டால் இந்த வெட்டுத்தான் இந்த வண்டியின் பர்மா வரலாறு. ஒரு கூரையை நீளவாட்டில் வெட்டி, விலாவை வளைத்து, தகடு சேர்த்து, மழை உள்ளே வராமல் மூடுவது லேசான டிங்கரிங் வேலை இல்லை. அதைச் செய்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

மூன்றாவது, ஏறும் படி. ஜப்பானில் பிளாட்பாரமும் பெட்டியின் தரையும் ஏறத்தாழ சமமாக இருக்கும். இங்கே பல நிலையங்களில் பிளாட்பாரம் முழங்கால் அளவு, சில இடங்களில் வெறும் ஜல்லி. ஆகவே கதவுக்குக் கீழே இரும்புப் படி கட்டினார்கள். தானியங்கிக் கதவு பெரும்பாலும் திறந்தே கிடக்கும். ரங்கூனைச் சுற்றிவரும் வட்டப் பாதையில் டான்யிங்கோன் காய்கறிச் சந்தையில் ஏறும் அம்மாக்கள் கீரைக்கட்டும் கூடையும் ஜன்னல் வழியாக உள்ளே தள்ளி, பிறகு கதவு வழியாக ஏறுவார்கள். ஹமகாசேயில் நண்டு சாப்பிடக் கடற்கரைக்குப் போன பயணிகளுக்காக வைத்த சாய்வு இருக்கைகளை நினைத்துக்கொண்டு இந்தக் காட்சியைப் பார்த்தால் வேடிக்கையாகத்தான் இருக்கும்.

ஜப்பானிய எழுத்துகளைப் பல பெட்டிகளில் அழிக்கவில்லை. ஊர்ப் பெயர்ப் பலகை, ‘கதவில் சாயாதே’ எச்சரிக்கை, உற்பத்தியாளர் தகடு எல்லாம் அப்படியே இருக்க, பக்கத்தில் பர்மிய எண்ணில் புது வண்டி எண். பாதுகாக்கிறவர்களுக்கு இது பெரிய உதவி. அந்தத் தகட்டை வைத்துத்தான் பெட்டியின் பழைய எண்ணைக் கண்டுபிடித்து, அது எந்தப் பாதையில் ஓடியது என்று தடம் பிடிக்க முடியும். தகடு திருடு போனால் வண்டியின் பாதி வாழ்க்கை போய்விடும். ரசிகர்களே கழற்றி எடுத்துப்போவதும் உண்டு என்பதை வெட்கத்தோடு எழுத வேண்டியிருக்கிறது.

மெதுவாக ஓடுவதற்கு ஒரு விலை

ரங்கூன் வட்டப் பாதை 45.9 கிலோமீட்டர், 39 நிலையம். மேம்பாட்டு வேலைக்கு முந்திய நாட்களில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரம். சராசரி மணிக்கு 15 கிலோமீட்டர். ஊர் பார்க்க வந்தவர்களுக்கு இது ரசமான வேகம். எஞ்சினுக்கு அப்படி இல்லை.

பழைய கிஹாக்களில் டிரைவர் கையில் ஒரு கைப்பிடி உண்டு. அதற்கு மூன்று நிலை: நடுநிலை, கன்வர்ட்டர், நேரடி. புறப்படும்போது கன்வர்ட்டர். எஞ்சின் எண்ணெயைச் சுழற்றுகிறது, எண்ணெய் சக்கரத்துக்குப் போகும் தண்டைச் சுழற்றுகிறது. நடுவில் வழுக்கல் இருப்பதால் உதறாமல் கிளம்பும். ஆனால் வழுக்குகிற சக்தி எல்லாம் எண்ணெயில் சூடாக மாறும். வேகம் சுமார் 45 தொட்டதும் டிரைவர் கைப்பிடியை நேரடிக்குத் தள்ளுவார். கிளட்ச் பிடித்து எஞ்சினும் தண்டும் இரும்போடு இரும்பாகச் சேரும், சூடு குறையும், டீசலும் மிச்சமாகும். வடிவமைத்தவர்கள் கன்வர்ட்டரைக் கிளம்புவதற்கும் ஏற்றத்துக்கும்தான் வைத்தார்கள்.

சுமார் 1.2 கிலோமீட்டருக்கு ஒரு நிலையம், தேய்ந்த தண்டவாளம், சராசரி 15 என்றால் 45ஐத் தொடுவது எப்போது? வண்டி நாள் முழுவதும் கன்வர்ட்டரிலேயே ஓடும். எண்ணெய் கொதிக்கும், சீல்கள் இறுகி வெடிக்கும், ரேடியேட்டருக்கு இரட்டைச் சுமை. வெளியில் வெப்பம் 38 டிகிரி. அதிக வேகத்தில் ஓடி வண்டி கெடும் என்றுதான் நாம் பொதுவாக நினைப்போம். இங்கே தலைகீழ்.

இப்போது கிஹா 181க்குத் திரும்புவோம். கூரை ரேடியேட்டருக்குக் காற்று வேண்டும், ஐந்நூறு குதிரையைத் தீனி போட்டு வைக்கத் தேர்ந்த இன்ஜெக்ஷன் பம்ப் வேலை வேண்டும், டர்போவுக்குச் சுத்தமான எண்ணெய் வேண்டும். மூன்றும் இங்கே கஷ்டம். சோம்பேறி டிஎம்எச்17 இருக்கும் பெட்டியைத்தான் பட்டறைக்காரர்கள் விரும்புவார்கள் என்று மாமா சொன்னதில் ஆச்சரியமில்லை. ஆனால் அந்தச் சோம்பேறிக்கும் ஸ்பேர் வருவது நின்றுவிட்டது. ஜப்பானிலேயே இதே கதை. சிபா மாகாணத்தின் இசுமி ரயில்வே 1964இல் கட்டிய, அதே எஞ்சின் உள்ள ஒரு கிஹா 28ஐ 2013 முதல் ஆசையாக ஓட்டியது. ரசிகர்கள் கூட்டம் கூடியது, ஓடும் பெட்டிக்குள் சாப்பாடு பரிமாறினார்கள். பாகம் கிடைக்காத நெருக்கடியில் 2022 இறுதியில் அதன் வழக்கமான ஓட்டம் முடிந்தது. செய்த நாட்டிலேயே கிடைக்காத பாகம் இங்கே எங்கிருந்து வரும்? ஒன்றை உரித்து மற்றொன்றுக்குப் போடுவதுதான் வழி. இரண்டு பெட்டி ஓட வேண்டுமென்றால் மூன்றாவது பெட்டி புல்லுக்குள் நிற்க வேண்டும். புல்லுக்குள் நிற்கும் பெட்டியைப் பார்த்து அலட்சியம் என்று எழுதுகிற வெளிநாட்டுப் பயணிகள் இதை யோசிப்பதில்லை. அந்தப் பெட்டிதான் அங்கே ஸ்டோர் ரூம்.

இரும்பை விட வேகமாகக் கரைந்தது ஆள்பலம். ராணுவம் ஆட்சியைப் பிடித்த 2021 பிப்ரவரிக்குப் பிறகு ரயில்வே ஊழியர்கள் பெருமளவில் வேலையை விட்டு வெளியேறினார்கள். மார்ச்சில் ரங்கூனின் மாலகோன் ரயில்வே குடியிருப்பிலிருந்து குடும்பங்களைக் கிளப்பினார்கள். ரயில்கார்கள் நிற்கும் ஷெட் அந்த வட்டாரத்தில்தான். கன்வர்ட்டரின் உறுமலைக் கேட்டே எண்ணெய் குறைந்ததைச் சொல்லிவிடும் கைகள் சிதறிப்போயின. இதற்கு ஸ்பேர் கிடையாது.

முன்பும் ஒரு முறை

ஜப்பான் வண்டி கேஜ் மாறிப் பர்மாவுக்கு வருவது இது முதல் முறை இல்லை. போர்க்காலத்தில் சி56 வகை நீராவி எஞ்சின்களில் 1 முதல் 90 வரை எண்ணுள்ளவற்றை மீட்டர் கேஜுக்கு மாற்றித் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பினார்கள். சயாம் மரண ரயில் பாதையில் அவை ஓடின. 415 கிலோமீட்டர், 1943 அக்டோபர் 17இல் இரு முனையும் சேர்ந்த பாதை. அதன் பர்மா முனை தான்புசயாத். நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல் அங்கே இறந்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போன தமிழர்கள் உட்பட ஆசியத் தொழிலாளர்களின் சாவுக்குச் சரியான கணக்கே இல்லை.

1979இல் அவற்றில் இரண்டு எஞ்சின்கள் தாய்லாந்திலிருந்து ஜப்பான் திரும்பின. 44ஆம் எண் ஓய்கவா ரயில்வேயில் மறுபடி கேஜ் மாறி ஓடத் தொடங்கியது. 31ஆம் எண் டோக்கியோவில் ஒரு போர் நினைவு அருங்காட்சியகத்தின் வாசலில் நிற்கிறது. ஒரே வகை எஞ்சின்கள்தான். ஒன்று சுற்றுலாப் பயணிகளை இழுக்கிறது, மற்றொன்று சாமான் மாதிரி மெருகேறி நிற்கிறது. இரண்டிலும் தோட்டத்துத் தமிழன் கதை ஒரு வரிக்கு மேல் இருக்காது என்று நான் தைரியமாகப் பந்தயம் கட்டுவேன். ஒரு வண்டியைப் பிறந்த கோலத்துக்குத் திருப்பினால் நடுவில் அது எங்கே போனது, யார் அதோடு பட்டார்கள் என்பது துடைபட்டுப் போகும். கிஹா விஷயத்தில் நான் பயப்படுவது இதற்குத்தான். இதில் ரத்தம் இல்லை, வியர்வை மட்டும்தான் என்றாலும் துடைக்கிற துணி ஒன்றே.

எதை வைப்பது

கிஹா 181ஐ வைக்க வேண்டும் என்பது பெரும்பாலானவர்களின் முதல் பேச்சு. பெயர் பெற்ற விரைவு வண்டி, முகம் கம்பீரம். என்னைக் கேட்டால் அதற்கு நகோயாவும் சுயாமாவும் இருக்கின்றன. கிஹா 58க்கும் ஜப்பானில் இடம் இருக்கிறது, சுயாமாவிலேயே ஒன்று உண்டு. கூரை வெட்டிய கிஹா 58க்கு உலகத்தில் வேறெங்கும் இடம் இல்லை. வைத்தால் அதைத்தான் வைக்க வேண்டும், படியோடும் தட்டைக் கூரையோடும் பர்மிய எண்ணோடும்.

கூடவே இன்னொன்றும் சேர்ப்பேன். லாரியின் மூக்கும் கேபினும் அப்படியே இருக்க, டயருக்குப் பதில் இரும்புச் சக்கரம் மாட்டி, கிளைப் பாதைகளில் பெட்டி இழுத்த நம் ஊர் ரயில் பஸ். ஜப்பான் வண்டி வருவதற்கு முன் பர்மா தானே செய்துகொண்ட ரயில்கார் அதுதான். அதைப் படம் எடுக்க வருகிறவர்களும் சிரிப்பதற்குத்தான் எடுக்கிறார்கள். ஒன்றாவது கொட்டகைக்குள் நிற்கட்டும்.

ஓடும் நிலையில் வைப்பதா, நிற்கும் நிலையிலா என்ற சண்டை இங்கே தேவையே இல்லை என்று நினைக்கிறேன். ஓட்ட ஆசைப்பட்டால் வேறு பெட்டியை உரிக்க வேண்டும். நிற்கட்டும். ஆனால் எஞ்சினை உள்ளே விட்டு, மாதம் ஒரு முறை கையால் தண்டைச் சுற்றி, சிலிண்டரில் எண்ணெய் விட்டு வைத்தால் பின்னால் யாருக்காவது பணமும் மனமும் வந்தால் வழி அடைபடாது.

நிறுத்தி வைப்பதும் சும்மா நடக்காது. ரங்கூனில் வருடத்துக்குச் சுமார் 2,700 மில்லிமீட்டர் மழை, பெரும்பகுதி ஐந்து மாதத்துக்குள். துரு எங்கே தொடங்கும் என்பது தெரிந்த விஷயம். ஜன்னலுக்குக் கீழ் விளிம்பில், கதவுப் பள்ளத்தில், கூரை வெட்டி ஒட்டிய தையலில். முதலில் தேவை தலைக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை, நாலு பக்கமும் காற்று போகும்படி. தார்ப்பாய் போட்டு மூடுவது கொல்வதற்குச் சமம், உள்ளே ஈரம் புழுங்கி ஒரே மழைக்காலத்தில் தரைத் தகடு ஓட்டையாகும். கதவுப் பள்ளத்தின் தண்ணீர் வழியைக் குச்சியால் குத்தித் திறந்து வைக்க வேண்டும். ரேடியேட்டர் தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும், பேட்டரியைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும், அமிலம் கசிந்தால் சட்டத்தைத் தின்னும். பெயின்ட் சுரண்டுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை: 1960களின் ஜப்பான் பெட்டிகளில் புகைக்குழாய்ச் சுற்றிலும் தரை அடிப்பூச்சிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். நம் பையன்கள் வெறும் கைக்குட்டை கட்டிக்கொண்டு கிரைண்டர் போடுவார்கள். முகமூடியும் ஈரத்துணியும் இல்லாமல் அந்தப் பக்கம் யாரையும் விடக்கூடாது.

இதெல்லாம் காசு கேட்கும், அனுமதி கேட்கும், இன்றைய நிலையில் இரண்டுமே சுலபமில்லை. காசில்லாமல் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஓய்ந்த ஃபிட்டர்களை உட்கார வைத்து அவர்கள் செய்ததைச் சொல்ல வைத்துப் பதிவு செய்வது. எந்தப் பெட்டிக்கு எவ்வளவு கூரை வெட்டினார்கள், பிரேக் கட்டையை எப்படி நகர்த்தினார்கள், உடைந்த கேஸ்கட்டுக்கு எதை வெட்டிப் போட்டார்கள். தமிழில், தெலுங்கில், பர்மியத்தில், யாருக்கு எது வாயில் வருகிறதோ அதில். கேட்கும்போது கையில் பெட்டியின் படம் இருக்கட்டும், வெறுமனே கேட்டால் “எல்லாம் செஞ்சோம்பா” என்று முடித்துவிடுவார்கள். படத்தில் ஒரு வெல்டிங்கைத் தொட்டுக் காட்டி இது ஏன் இப்படி என்று கேட்டால், அன்றைக்கு யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பது வரை வரும். உற்பத்தித் தகட்டின் எண், பழைய எண், புது எண் மூன்றையும் ஒரே நோட்டில் எழுதி, பேச்சுப் பதிவின் முதல் வரியில் அந்த எண்ணைச் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். எந்தப் பெட்டியைப் பற்றிய பேச்சு என்று தெரியாத பதிவு பட்டறைக்கும் உதவாது, அருங்காட்சியகத்துக்கும் உதவாது.